செட்டிநாட்டில் கள ஓவியம்: வீடுகளும் தெருக்களும் தாளில் பதிந்த வரலாறு

ஓவியர் தம் அறையை விட்டு வெளியே வந்து, வரைய வேண்டிய இடத்தின் முன்னால் அமர்ந்து, கண்ணால் காண்பதை அங்கேயே வரைந்து முடிப்பது கள ஓவியம் எனப்படும். பென்சிலாலோ பேனாவாலோ முதலில் கோட்டுருவம் வரையப்படும். பின்னர் அதன்மேல் நீர்வண்ணம் தீட்டப்படும். எடுத்துச் செல்ல எளிதாகவும் விரைவில் உலர்வதாகவும் இருப்பதால், வெளியிடங்களில் வரைபவர்கள் பெரும்பாலும் நீர்வண்ணத்தையே விரும்புகின்றனர்.

சிவகங்கை மாவட்டத்தின் காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர், தேவகோட்டை முதலிய ஊர்களுக்கு இன்று ஓவியர்கள் தனியாகவும் குழுவாகவும் வந்து வரைகின்றனர். நகரத்தார் கட்டிய பெரிய வீடுகளும் நேரான தெருக்களும் ஊருணிகளும் கோயில்களும் அவர்களை ஈர்க்கின்றன. இந்தப் பழக்கம் இப்பகுதிக்கு அண்மையில் வந்தது போலத் தோன்றலாம். ஆனால் தமிழகத்தில் இதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றை அறிந்தால், செட்டிநாட்டு வீட்டை இன்று ஏன் வரைய வேண்டும் என்பதும் விளங்கும்.

நீர்வண்ணம் பயணத்துக்கு ஏற்றதான கதை

நீரில் கரைத்த நிறத்தைக் கொண்டு வரைவது மிகப் பழைய முறை. எனினும் ஓவியர் அதை வெளியூருக்குக் கையோடு கொண்டு செல்லும் வசதி 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் கிடைத்தது. அதுவரை நிறப்பொடியை அரைத்து, பிசினுடன் கலந்து, பயன்படுத்தும் நிலைக்குக் கொண்டுவருவதே பெரும் வேலையாக இருந்தது. 1780களில் இலண்டனில் வில்லியம் ரீவ்ஸ் என்பவர் நீர்வண்ணத்தைச் சிறு கட்டிகளாகச் செய்து விற்றார். ஈரத் தூரிகையால் தேய்த்தால் நிறம் எழும்பும். 1841இல் ஜான் காஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர், பிதுக்கி எடுக்கத்தக்க உலோகக் குழாய்க்கு உரிமம் பெற்றார். எண்ணெய் வண்ணத்துக்காக வந்த அந்தக் குழாய் விரைவில் நீர்வண்ணத்துக்கும் பயன்பட்டது.

இந்த மாற்றங்களால் ஓவியரின் வேலைக்களம் ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அலுவலர்கள் இதனால் பெரும் பயன் அடைந்தனர். கம்பெனி தன் இளம் அலுவலர்களுக்காக இங்கிலாந்தில் நடத்திய அடிஸ்கம் பயிற்சிப் பள்ளியில் (1809–1861) ஓவியம் ஒரு பாடமாகவே இருந்தது. கோட்டை, ஆறு, மலைக்கணவாய் ஆகியவற்றைப் பார்த்த இடத்திலேயே வரையத் தெரிந்தவர் போர்க்களத்தில் பயன்படுவார் என்பதே அதற்குக் காரணம். அழகுக்காக அன்றி, ஆட்சிக்காகவும் போருக்காகவும் தொடங்கிய பயிற்சி அது.

டேனியல்கள் கண்ட மதுரை

தமிழகத்தில் நேரில் வரைந்த ஐரோப்பிய ஓவியர்களுள் புகழ்பெற்றவர்கள் தாமஸ் டேனியலும் அவருடைய உறவினர் மகன் வில்லியம் டேனியலும் ஆவர். மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்த 1792ஆம் ஆண்டில் அவர்கள் சென்னையிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டனர். மதுரை, குற்றாலம், பாபநாசம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் முதலிய இடங்களில் வரைந்தனர். சிறு துளை வழியே காட்சியைத் தாளின்மேல் விழச் செய்யும் இருட்டுப்பெட்டிக் கருவியையும் பயன்படுத்தினர். இங்கிலாந்து திரும்பிய பின், களத்தில் எடுத்த வரைவுகளைக் கொண்டு 1795 முதல் 1808 வரை 144 அச்சுப் படங்களை வெளியிட்டனர்.

அவற்றுள் மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனையைக் காட்டும் படங்களும் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் எழுந்த அந்த அரண்மனையின் பெரும்பகுதியை, திருமலை நாயக்கரின் பேரர் சொக்கநாத நாயக்கர் பெயர்த்துத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டு சென்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. டேனியல்கள் பார்த்தபோது எஞ்சிய பகுதியும் சிதைந்து கிடந்தது. சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபுவின் காலத்தில் (1866–1872) பழுதுபார்க்கும் பணி நடந்தது. இன்று நாம் காண்பது அவ்வாறு சீராக்கப்பட்ட அரண்மனை. பழுதுபார்ப்பதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன் அது எந்த நிலையில் இருந்தது என்பதை அறிய, அங்கு வந்து அமர்ந்து வரைந்தவர்களின் படங்கள் உதவுகின்றன.

டேனியல்களின் படங்களை அப்படியே உண்மை என்று கொள்ள முடியாது. மரங்களையும் மனிதர்களையும் காட்சியின் அழகுக்காக இடம் மாற்றி வைப்பது அக்கால ஓவியரின் வழக்கம். எனினும் ஒவ்வொரு படத்துக்கும் இடப்பெயர் தரப்பட்டது. ஆகவே பின்வந்தவர்கள் படத்தையும் இடத்தையும் ஒப்பிட்டுச் சரிபார்க்க முடிகிறது.

சிவகங்கைச் சீமைக்கு வந்த படைவீரர்

டேனியல்களின் காலத்தில் இன்றைய செட்டிநாட்டு மாளிகைகள் எழுந்திருக்கவில்லை. ஆனால் அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் சிவகங்கைச் சீமை போர்க்களமாயிற்று. 1801இல் மருது சகோதரர்களுக்கு எதிராகக் கம்பெனிப் படை நடத்திய போரில் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அலுவலரும் பங்கேற்றார். காரைக்குடிக்கு அருகிலுள்ள சிறுவயலும் காளையார்கோவிலும் அந்தப் போரின் முக்கிய இடங்கள். வெல்ஷ் தம் நினைவுகளை 1830இல் இரு தொகுதிகளாக வெளியிட்டார். அவர் கண்ட இடங்களின் படங்களும் அதில் சேர்க்கப்பட்டன.

வெல்ஷ் போருக்கு முன்பே சின்ன மருதுவுடன் நட்புக் கொண்டிருந்தவர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று அவரே எழுதியிருக்கிறார். 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். இந்த மண்ணைக் கண்டு எழுதியும் படமாக்கியும் வைத்தவர், அதை வெல்ல வந்த படையில் இருந்தவர் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. வரைபவர் எங்கே நின்று பார்க்கிறார் என்பதும் ஓவியத்தின் வரலாற்றில் ஒரு பகுதியே.

இதே காலத்தில் நில அளவைப் பணிக்காகவும் ஏராளமான படங்கள் வரையப்பட்டன. காலின் மெக்கன்சி திரட்டிய தொகுப்பில் கோயில்கள், சிற்பங்கள், ஊர்கள், மக்கள் ஆகியவற்றின் படங்கள் ஆயிரத்துக்கும் மேல் உள்ளன. அவற்றில் பலவற்றை அவரிடம் பணிபுரிந்த வரைவாளர்களே வரைந்தனர்.

ஒளிப்படம் வந்த பின்

1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற படை அலுவலர், சென்னை அரசின் ஒளிப்படக்காரராக மதுரை, புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் முதலிய இடங்களை ஒளிப்படம் எடுத்தார். அதன்பின் கட்டடங்களை ஆவணப்படுத்தும் வேலை மெல்ல மெல்லக் கேமராவிடம் சென்றது. ஓவியத்தின் தேவை அத்துடன் முடிந்துவிட்டதாகக் கருதியவர்களும் உண்டு. அது முடியவில்லை, அதன் வேலை மாறியது.

சென்னையில் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளி, பின்னர் அரசுப் பள்ளியாகி, இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரியாக வளர்ந்தது. 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் பொறுப்பை ஏற்றார். அவரிடம் பயின்ற கே. சி. எஸ். பணிக்கர் தொடக்கத்தில் நீர்வண்ண இயற்கைக்காட்சிகளால் பெயர் பெற்றவர். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தையும் 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தையும் உருவாக்குவதில் முன்னின்றவர் அவரே. தனித்தனியே வரைந்துகொண்டிருந்தவர்கள் குழுவாகக் கூடவும், ஒருவர் படத்தை மற்றவர் பார்த்துக் கருத்துச் சொல்லவும் தொடங்கியதற்கு இத்தகைய அமைப்புகள் முன்மாதிரியாயின.

கோயிலில் அமர்ந்து வரைந்த சில்பி

நேரில் அமர்ந்து வரைவதைத் தமிழ் வாசகர்களின் வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தவர் சில்பி. பி. எம். சீனிவாசன் என்பது அவருடைய இயற்பெயர். நாமக்கல்லில் 1919இல் பிறந்தார். தாமே ஓவியராகவும் இருந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் ஊக்கத்தால் சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். ஆனந்த விகடனில் ஓவியர் மாலி அவருக்குச் சில்பி என்று பெயர் சூட்டினார். 1940களின் பிற்பகுதியில் தொடங்கிய ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்காகச் சில்பி கோயில் கோயிலாகச் சென்று, சிற்பத்தின் முன்னாலேயே அமர்ந்து வரைந்தார். எழுத்தாளர் தேவன் அப்படங்களுக்கு விளக்கம் எழுதினார்.

கேமரா எளிதாகக் கிடைத்த காலத்தில், ஒரு வார இதழ் தன் ஓவியரை ஊர் ஊராக அனுப்பியது ஏன்? சிற்பத்தின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். மண்டபத்தில் வெளிச்சம் போதாது. மூக்கோ விரலோ உடைந்திருக்கும். அங்கேயே பல மணி நேரம் அமர்ந்து பார்ப்பவருக்கே ஆடையின் மடிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது புலப்படும். கேமராவுக்குக் கண நேரத்தில் எட்டாததை ஓவியரின் பொறுமை எட்டியது. பிற்காலத்தில் மதுரையின் கோபுரங்களையும் தெருக்களையும் நுண்ணிய பேனாக் கோடுகளால் வரைந்த மனோகர் தேவதாஸ் (1936–2022) இதே பொறுமையின் மற்றொரு சான்று. கண்பார்வையைச் சிறிது சிறிதாகப் பறித்த நோய்க்கு இடையிலும் அவர் தாம் வளர்ந்த ஊரின் தோற்றத்தைப் படங்களில் காத்து வைத்தார்.

வீட்டுக்குள் ஓவியம், வீட்டின் ஓவியம்

செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் ஏறத்தாழ 1850க்கும் 1940களுக்கும் இடையில் கட்டப்பட்டவை. பர்மா, இலங்கை, மலேயா முதலிய நாடுகளில் நகரத்தார் நடத்திய வட்டித் தொழிலின் வருவாய் இவற்றை எழுப்பியது. பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, ஐரோப்பியக் கண்ணாடி ஆகியவை கடல் கடந்து வந்தன. சுண்ணாம்புச் சாந்தும் செங்கல்லும் நாட்டு ஓடும் உள்ளூரில் கிடைத்தன. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமென்டைக் கையால் ஊற்றிச் செய்யும் ஆத்தங்குடித் தரைக்கல்லும் இந்த மண்ணின் கைவேலைதான்.

இந்த வீடுகளுக்குள் ஓவியத்துக்குக் குறைவே இல்லை. சுவரின் மேற்பகுதியில் கண்ணன் கதைகளும் பூக்கொடிகளும் தீட்டப்பட்டன. தஞ்சாவூர் ஓவியங்களும் இரவிவர்மாவின் அச்சுப் படங்களும் சட்டமிட்டு மாட்டப்பட்டன. முகப்பின் உச்சியில் சுதைத் திருமகள் அமர்ந்தாள். வீட்டுக்காரர் ஓவியரை அழைத்தது வீட்டை அலங்கரிக்கத்தான். வீட்டையே ஓவியப் பொருளாகப் பார்க்கும் கண், வீடுகள் குறையத் தொடங்கிய பிறகே பெருகியது.

1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குச் சென்றது. போருக்குப் பின் பர்மாவில் வந்த நிலச் சட்டங்களாலும் தேசியமயத்தாலும் நகரத்தாரின் முதலீடு பெரும்பாலும் திரும்பவில்லை. வீட்டைப் பராமரிக்கப் பணம் வேண்டும். ஆனால் வீடு ஒருவருடையது அன்று. மணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. வளவைச் சுற்றியுள்ள அறைகளில் ஒவ்வொரு புள்ளிக்கும் பங்கு உண்டு. மூன்று தலைமுறைக்குப் பின் ஒரு வீட்டுக்குப் பல ஊர்களிலும் நாடுகளிலும் வாழும் பங்காளிகள் உரிமையாளர்கள் ஆகிவிடுகின்றனர். திருமணத்துக்கும் படைப்புக்கும் மட்டும் கூடுகின்றனர். ஓட்டை மாற்றுவதா, வீட்டை விற்பதா என்று முடிவெடுக்கவே ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் மழை முடிவெடுத்து விடுகிறது.

பிரிக்கப்பட்ட வீடுகளின் தூண்களும் கதவுகளும் பெட்டகங்களும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வருகின்றன. அங்கிருந்து நட்சத்திர விடுதிகளுக்கும் பெருநகர வீடுகளுக்கும் செல்கின்றன. தூண் அழிவதில்லை, அது எந்த ஊரில், எந்த வீட்டின் திண்ணையில், எந்தத் திசை பார்த்து நின்றது என்பதுதான் அழிகிறது. திருமலை நாயக்கர் அரண்மனைக்கு அன்று நேர்ந்ததாகச் சொல்லப்படுவது இங்கே வீடு வீடாக நடக்கிறது. 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. அப்பட்டியல் ஒரு முன்மொழிவே. ஒரு வீட்டை விற்பதையோ பிரிப்பதையோ அது தடுக்காது.

குழுவாக வரைதல்

2007இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் செய்தித்தாள் ஓவியரான கேப்ரியல் காம்பனாரியோ, தாம் வாழும் நகரத்தை நேரில் வரைபவர்களை இணையத்தில் ஒன்று சேர்த்தார். அது அர்பன் ஸ்கெட்சர்ஸ் என்ற உலகளாவிய அமைப்பாக வளர்ந்தது. கண்ட இடத்திலேயே வரைய வேண்டும், கண்டதற்கு உண்மையாக இருக்க வேண்டும், படம் அந்த இடத்துக்கும் நேரத்துக்கும் சான்றாக அமைய வேண்டும் என்பன அவர்களின் கொள்கைகளுள் சில. தமிழகத்திலும் சென்னை வீக்கெண்ட் ஆர்ட்டிஸ்ட்ஸ் போன்ற குழுக்கள் விடுமுறை நாட்களில் ஓர் இடத்தில் கூடி வரையும் வழக்கத்தைப் பரப்பின. இவற்றில் ஓவியம் பயின்றவரும் மென்பொருள் பணியாளரும் மாணவரும் ஓய்வு பெற்றவரும் ஒரே தெருவில் அமர்கின்றனர். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து எல்லாரும் தத்தம் படங்களைத் தரையில் பரப்பிப் பார்ப்பதோடு சந்திப்பு நிறைவடையும்.

ஒரே வீட்டைப் பத்துப் பேர் வரைந்தால் பத்து விதமான பதிவுகள் கிடைக்கும். ஒருவர் முகப்பின் சுதைவேலையை எடுத்துக்கொள்வார். இன்னொருவர் திண்ணைத் தூணின் நிழலில் நின்றுவிடுவார். மற்றொருவர் பூட்டிய கதவின் எதிரில் காய்கறி வண்டி நிறுத்தியிருப்பவரை வரைவார். தனி ஓவியர் விட்டதைக் குழு பிடித்துவிடும். ஆவணம் என்ற முறையில் குழுவின் பயன் இதுவே.

செட்டிநாட்டு வீட்டை வரையும் முறை

செட்டிநாட்டு வீடுகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக நீண்டவை. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். முன்வாசலில் நின்று பார்த்தால் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என ஒன்றன்பின் ஒன்றாகக் கதவுகள் ஒரே நேர்க்கோட்டில் தெரியும். தொலைவுத் தோற்றத்தைக் கற்கும் மாணவருக்கு இதைவிட நல்ல பாடம் அரிது. எல்லாக் கோடுகளும் சென்று சேரும் புள்ளி, கடைசி வாசலின் வெளிச்சத்தில் இருக்கும்.

கிழக்கு நோக்கிய முகப்பில் காலை வெயில் நேராக விழும். அப்போது சுதை உருவங்களின் நிழல் கூர்மையாகத் தெரியும். வெயில் தலைக்கு ஏறிய பின் நிழல் குறுகி, சுவர் தட்டையாகிவிடும். எனவே நிழலின் எல்லையை முதலிலேயே பென்சிலால் குறித்துக்கொள்வது நல்லது. நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாளின் வெள்ளையே. சுண்ணாம்புச் சுவரில் வெயில் படும் இடத்தை வண்ணம் தீட்டாமல் விட்டுவிட வேண்டும். இங்குள்ள வெப்பத்தில் வண்ணம் மிக விரைவில் காயும் என்பதால், வானம் போன்ற பரந்த பூச்சுக்குத் தாளை முன்கூட்டியே நனைத்துக்கொள்வது வழக்கம்.

வரைபவர் கையால் அளந்து, கண்ணால் எண்ணுகிறார். தூண்கள் எத்தனை, ஓடுகள் எத்தனை அடுக்கு, முற்றத்து மழைநீர் எந்த வழியே வெளியேறுகிறது என்று பார்க்காமல் படத்தை முடிக்க முடியாது. இந்த வீடு வெயிலை எப்படித் தடுத்தது, மழையை எப்படிச் சேர்த்தது என்பதை அவர் தம்மை அறியாமலே கற்றுக்கொள்கிறார். அரை மணி நேரம் ஆனதும் தெருவில் போகிறவர் நின்று பார்ப்பார். வீட்டைக் காவல் காப்பவர் அருகே வருவார். யார் கட்டியது, எந்த அறை யாருடையது, எந்த ஆண்டு பெய்த மழையில் எந்தப் பக்கம் இடிந்தது என்ற செய்திகள் அந்தப் பேச்சில் வரும். அமர்ந்திருப்பவரிடம்தான் ஊர் பேசும்.

படத்தின் ஓரத்தில் எழுத வேண்டியவை

டேனியல்களின் படம் இன்றும் பயன்படுவதற்கு அதனுடன் வந்த இடப்பெயரே காரணம் என்று மேலே கண்டோம். அந்தப் பாடம் இன்றைய மாணவருக்கும் பொருந்தும். பெயரில்லாத ‘செட்டிநாட்டு வீடு’ ஒன்று அழகிய படமாக இருக்கலாம், சான்றாகாது. ஊர், தெரு, வீட்டின் பெயர் அல்லது விலாசம், முகப்பு பார்க்கும் திசை, நாள், நேரம் ஆகியவற்றைப் படத்தின் ஓரத்தில் எழுதுவது நன்று. உடைந்திருப்பதை முழுமையாக்கி வரைந்தால் அதையும் குறிப்பிட வேண்டும். வீட்டுக்குள் வரைவதற்கு முன் உரிமையாளரின் ஒப்புதலைப் பெறுவது அவசியம். கேட்டறிந்த செய்திகளைப் பின்பக்கத்தில் எழுதி, படத்தின் படி ஒன்றை அந்த வீட்டாரிடமோ ஊர் நூலகத்திடமோ கொடுக்கலாம்.

படைக்காகவும் அளவைக்காகவும் வெளியார் வரைந்த படங்கள் பெரும்பாலும் கடல் கடந்த நூலகங்களில் இருக்கின்றன. சில்பியின் படங்கள் தமிழ் வாசகர் கையில் கிடைத்தன. செட்டிநாட்டுத் தெருவில் இன்று அமர்ந்து வரைபவரின் படம் அந்தத் தெருவிலேயே ஒரு படியாக இருந்துவிட்டால், வீட்டைப் பிரித்த பிறகும் அந்தத் தூண் நின்ற இடத்தை ஊரார் காட்ட முடியும்.